திருந்தாதி மணியும் உருளைக்கிழங்கு வயலும்: கிராமத்து ஓவியங்களைச் செபத்தோடு பார்ப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சிப் பக்கம், இரணைமடு வாய்க்கால் பாய்கிற ஒரு சின்னக் கத்தோலிக்கப் பங்கில் நான் மறைக்கல்வி படிப்பிக்கிறேன். தவக்கால வெள்ளிகளில் சிலுவைப்பாதை முடிந்தபிறகு, விரும்பியவர்கள் கொஞ்ச நேரம் இருந்து ஒரு ஓவியத்தைப் பார்ப்போம். பெரும்பாலும் வயலும் வயல்காரரும் உள்ள ஓவியங்கள். வருகிறவர்களும் வயல்காரர்தான். அவர்கள் கேட்ட கேள்விகளையும், வேறு பங்குகளில் இதைச் செய்ய விரும்புகிறவர்கள் போன் எடுத்துக் கேட்டவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

இயேசுவும் இல்லை, மாதாவும் இல்லை, ஒரு சிலுவைகூட இல்லை. இப்படிப்பட்ட படத்தில் என்ன ஆன்மீகம் இருக்கிறது?

முதல் வெள்ளியே வந்த கேள்வி இது. நியாயமான கேள்வி.

வாக்கு மனிதர் ஆனார் என்று யோவான் நற்செய்தியின் முதல் அதிகாரம் சொல்கிறது. மனிதர் ஆனார் என்றால் வியர்த்தார், பசித்தார், கை காய்த்துப்போனது என்றுதானே அர்த்தம். நாசரேத்தில் முப்பது வருடம்போல அவர் தச்சுவேலைதான் பார்த்தார். அந்த வருடங்களைப் பற்றி நற்செய்தியில் சில வரிகள்தான் உண்டு. பிறகு அவர் வாய் திறந்தபோது வந்ததெல்லாம் வயலும் தோட்டமும்தான்: விதைக்கிறவன், களை, கடுகு விதை, திராட்சைக் கொடி, அத்திமரம், அறுவடைக்கு ஆள் காணாத வயல். விண்ணரசு எதைப் போன்றது என்று கேட்டவர்களை அவர் கோவிலுக்குள் கூட்டிக்கொண்டு போகவில்லை, வயலைத்தான் காட்டினார். அவர் காட்டிய இடத்தை ஒரு ஓவியர் கவனமாக வரைந்திருந்தால், நாங்களும் கவனமாகப் பார்க்கலாம் என்பதுதான் என் நியாயம்.

ஒன்று சொல்லவேண்டும். எல்லாக் கிராமத்துப் படமும் இதற்குச் சரிவராது. கலண்டர்களில் வருகிற, பெண்கள் பவுடர் பூசிக்கொண்டு நாற்று நடுகிற படங்களை நான் எடுப்பதில்லை. அவற்றில் யாரும் வேலை செய்யவில்லை.

எந்தப் படத்தில் தொடங்கலாம்?

ஜோன் பிரான்சுவா மில்லே என்ற பிரெஞ்சு ஓவியர் 1857க்கும் 1859க்கும் இடையில் வரைந்த படத்தில். பிரெஞ்சில் அதன் பெயர் 'லாஞ்செலுஸ்'. நாங்கள் திரிகால செபம் என்று சொல்கிற அதே செபம். எங்கள் ஆச்சிமார் மாலையில் கோவில் மணி கேட்டால் 'திருந்தாதி அடிச்சிட்டுது' என்பார்களே, அந்த மணிதான் படத்தின் பொருள். படம் இப்போது பாரிஸில் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெரிய படமே இல்லை: உயரம் 55.5 சென்ரிமீற்றர், அகலம் 66. எங்கள் வீட்டு ஜன்னலின் ஒரு கதவளவு.

மாலை நேரம், வெட்டவெளி. ஒரு ஆணும் பெண்ணும் உருளைக்கிழங்கு கிண்டிக்கொண்டிருந்த இடத்திலேயே நிற்கிறார்கள். அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருக்கிறான். அவள் கைகளைக் கோத்து நெஞ்சோடு சேர்த்துத் தலை குனிந்திருக்கிறாள். பக்கத்தில் கிழங்கு கிண்டுகிற முள்ளு, கவைபோன்ற கருவி, மண்ணில் குத்தி நிற்கிறது. காலடியில் ஒரு கூடை, அவளுக்குப் பின்னால் மூட்டை ஏற்றிய ஒரு தள்ளுவண்டி. தூரத்தில், அடிவானத்தில், விரல் நுனியளவு ஒரு கோவில் கோபுரம்.

நான் முதன்முதல் இதைக் காட்டியபோது ஒரு பொடியன், "ரீச்சர், கச்சான் பிடுங்கினமா?" என்று கேட்டான். சரியாகத்தான் கேட்டிருக்கிறான். முல்லைத்தீவுப் பக்கம் மண்ணுக்குள்ளிருந்து எடுக்கிறது கச்சான்தானே. பிறகு பின்வரிசையில் இருந்த ஒரு ஐயா சொன்னார்: "முள்ளைக் கீழ போடேல்ல பாருங்கோ. குத்தி வச்சிருக்கிறான். செபம் முடிய திரும்ப எடுப்பான்." பத்துத் தரம் பார்த்த படம். எனக்கு அது கண்ணில் பட்டிருக்கவில்லை. வேலை முடிந்து அவர்கள் செபிக்கவில்லை. வேலைக்கு நடுவில் நிற்கிறார்கள். மணி ஓய்ந்ததும் இருட்டுமுன் இன்னும் கொஞ்சம் கிண்டவேண்டியிருக்கிறது.

திரிகால செபம் எதைப் பற்றியது என்று யோசித்துப் பாருங்கள். வானதூதர் மரியாவுக்குச் சொன்ன செய்தி, ஆண்டவரின் அடிமை என்று அவர் சொன்ன மறுமொழி, வாக்கு மனிதர் ஆனது. காலை, நண்பகல், மாலை என்று நாளுக்கு மூன்று தரம் ஒரு மணி அடித்து, கடவுள் எங்கள் உடலை எடுத்தார் என்று மண்ணில் கால் புதைய நிற்கிறவர்களுக்கு ஞாபகப்படுத்துகிறது. அதனால்தான் இந்தப் படத்தில் தொடங்கச் சொல்கிறேன்.

மில்லே 1865இல் இந்தப் படத்தைப் பற்றி ஒரு கடிதம் எழுதினார். சின்ன வயதில் வயலில் நிற்கும்போது மணி கேட்டால் தன் அப்பம்மா வேலையை நிறுத்தச் சொல்வார், தொப்பியைக் கழற்றிக்கொண்டு இறந்துபோன ஏழைகளுக்காகச் செபிக்கவைப்பார், அந்த நினைவில்தான் வரைந்தேன் என்ற கருத்தில் எழுதியிருக்கிறார். அப்பம்மாவின் படம் அது.

அந்தக் கூடை இருந்த இடத்தில் முதலில் ஒரு குழந்தையின் சவப்பெட்டி இருந்தது என்று யூரியூபில் பார்த்தேன். உண்மையா?

சல்வடோர் டாலி என்ற ஸ்பானிய ஓவியருக்கு இந்தப் படம் நெடுநாள் மனதைவிட்டுப் போகாத படமாக இருந்தது. இரண்டு பேரும் தங்கள் பிள்ளையைப் புதைத்துவிட்டு நிற்கிறார்கள் என்று அவர் நம்பினார். 1963இல் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது, கூடை இருக்கிற இடத்தின் அடியில் பெட்டி போன்ற ஒரு கறுத்த வடிவம் தெரிந்தது. அவ்வளவுதான். அது என்ன என்று எக்ஸ்ரே சொல்லவில்லை. மில்லேயும் அப்படி எங்கும் சொல்லவில்லை. ஒரு அமெரிக்கர் கேட்டதற்காக, கிழங்கு விளைச்சலுக்கான செபம் என்ற பெயரில் தொடங்கிய படம் அது. அவர் வந்து வாங்காமல் விட்டுவிட, மில்லே கோபுரத்தைச் சேர்த்துப் பெயரையும் மாற்றினார்.

ஆனால் எங்கள் பங்கில் இந்தக் கதையைச் சொன்ன அன்று யாரும் பேசவில்லை. 2009இல் போரின் கடைசி நாட்களில் போகிற வழியில், கிடைத்த இடத்தில், கையால் மண் தோண்டிப் பிள்ளையை வைத்துவிட்டு வந்தவர்கள் அந்த அறையில் இருந்தார்கள். ஒரு தாய் மட்டும் படத்துக்குக் கிட்டப் போய் அந்தப் பெண்ணின் கைகளை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். சவப்பெட்டி இருந்தது என்று நான் அவருக்குச் சொல்லமாட்டேன். அது நிரூபணமாகாத பேச்சு. இறந்தவர்களுக்காகவும் செபித்த ஒரு அப்பம்மாவின் நினைவில் இந்தப் படம் பிறந்தது என்பது மில்லேயே சொன்னது. அதைச் சொன்னேன். அந்தத் தாய்க்கு அது போதுமாக இருந்தது.

இந்தக் கதையை முதல் நாளே சொல்லவேண்டாம். யார் யார் வந்திருக்கிறார்கள் என்று அறிந்தபிறகு சொல்லுங்கள்.

மில்லே கோவிலுக்கு ஒழுங்காகப் போகிறவரா?

பெரிதாகப் போனவர் இல்லை என்றுதான் சொல்கிறார்கள். 1814இல் நோர்மண்டியில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர், வயலில் வேலை செய்து வளர்ந்தவர், விவிலியத்தை நன்றாக வாசித்தவர். 1875இல் இறந்தார். ஒருவர் பூசைக்குப் போனாரா என்று கணக்கெடுத்துவிட்டுப் படத்தைப் பார்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. தச்சன் செய்த வாங்கிலில் இருந்துதானே பூசை பார்க்கிறோம்.

இப்படிப்பட்ட படங்கள் வறுமையை அழகாக்கிக் காட்டுகின்றன. எங்கள் கஷ்டம் அவர்களுக்கு வடிவான காட்சியா?

கோபத்தோடு இதைக் கேட்டவர் கூலிக்கு அரிவி வெட்டப் போகிற ஒரு பெண். நான் மறுமொழியை உடனே சொல்லவில்லை. அடுத்த வெள்ளி மில்லேயின் இன்னொரு படத்தைக் கொண்டுபோனேன். கதிர் பொறுக்கும் பெண்கள், 1857.

மூன்று பெண்கள். இரண்டு பேர் இடுப்பு ஒடியக் குனிந்து அறுத்த வயலில் சிந்திய கதிர்களைப் பொறுக்குகிறார்கள். மூன்றாமவள் அரைவாசி நிமிர்ந்த நிலையில் இருக்கிறாள். குனிகிறாளா, எழும்புகிறாளா தெரியாது. இடப்பக்கத்தில் இருப்பவள் ஒரு கையை முதுகுக்குப் பின்னால் மடித்து, பொறுக்கியதை அதில் பிடித்திருக்கிறாள். முகங்கள் சரியாகத் தெரியாது. பின்னால், தூரத்தில், வெளிச்சமெல்லாம் அங்கேதான் இருக்கிறது: மலைமாதிரிக் குவிந்த சூடுகள், வண்டில், நிறையச் சனம், குதிரையில் ஒரு மேற்பார்வைக்காரன். அவ்வளவு விளைச்சல் அங்கே. இவர்கள் கையில் ஒரு பிடி.

அந்தப் பெண் பார்த்துவிட்டு முதல் சொன்னது: "இவ நிமிரேல்ல. இடுப்பைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறா." பிறகு கேட்டார்: "குதிரையில இருக்கிறவன் எங்களைப் பாக்கிறானா, அங்கால பாக்கிறானா?"

படம் வந்த காலத்தில் பாரிஸில் பணக்காரர் சிலருக்கு இது பிடிக்கவேயில்லை. 1848இல் நடந்த புரட்சி முடிந்து பத்து வருடம்கூட ஆகாத நேரம். இந்த மூன்று பெண்களையும் இவ்வளவு பெரிதாக, இவ்வளவு கனமாக வரைந்தது அவர்களைப் பயமுறுத்தியது. வறுமையை அழகாக்கிய படத்தைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லையே.

இப்போது லேவியர் 19ஆம் அதிகாரத்தை எடுங்கள், 9ஆம் 10ஆம் வசனங்கள். வயலை அறுக்கும்போது ஓரம்வரை அறுக்காதே, சிந்தியதைப் பொறுக்காதே, அது ஏழைக்கும் அந்நியனுக்கும் உரியது என்கிறது. இணைச்சட்டம் 24இல், மறந்துவிட்ட கதிர்க்கட்டை எடுக்கத் திரும்பிப் போகாதே என்றும் இருக்கிறது. பிச்சை போடு என்று இதில் எங்கும் சொல்லப்படவில்லை. ஓரம் உன்னுடையது இல்லை என்றுதான் சொல்லியிருக்கிறது. ரூத்து அந்த உரிமையில்தான் போவாசின் வயலுக்குப் போனார். அந்நிய நாட்டுப் பெண், கணவன் இல்லை, மாமியாரைக் காப்பாற்றவேண்டும். போவாசு தன் ஆட்களிடம், கட்டிலிருந்து சில கதிர்களை வேண்டுமென்றே உருவிப் போடுங்கள், அவளை அதட்டவேண்டாம் என்றார். அந்த ரூத்தின் பரம்பரையில் தாவீது, தாவீதின் பரம்பரையில் இயேசு. மத்தேயு முதல் அதிகாரத்திலேயே அவர் பெயர் இருக்கிறது. மில்லேக்கும் இந்தக் கதை நெருக்கம். அறுவடைக்காரர் இளைப்பாறும் ஒரு படத்தை 1850களின் தொடக்கத்தில் ரூத்து, போவாசு கதையாகவே அவர் வரையத் தொடங்கினார். அது இப்போது அமெரிக்காவில் பொஸ்ரன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இன்றைக்கு எங்கள் வயல்களில் மெசின் வந்து வெட்டி, தூற்றி, மூட்டை கட்டிவிட்டுப் போகிறது. ஓரத்தில் எதுவும் மிஞ்சுவதில்லை. அரிவி வெட்டுக்குப் போன பெண்களுக்கு அந்தக் கூலியும் இல்லை. போவாசு இருந்தால் மெசின்காரனிடம் என்ன சொல்வார் என்று அன்று ஒரு மணித்தியாலம் பேசினோம். செபத்துக்கு நேரமில்லாமல் போய்விட்டது என்று ஒருவர் கவலைப்பட்டார். எனக்கு அந்தக் கவலை வரவில்லை.

விதைக்கிறவன் உவமைக்கு எந்தப் படம்?

மில்லேயின் விதைப்பவன், 1850. இதுவும் பொஸ்ரனில். பிறகு அதையே மனதில் வைத்து வின்சென்ட் வான் கோ என்ற டச்சு ஓவியர் 1888இல் ஆர்ல் ஊரில் வரைந்த விதைப்பவன்கள். நான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பேன்.

மில்லேயின் ஆள் சரிவில் இறங்கி வருகிறான். தொப்பி கண்ணை மறைக்கிறது. தோளில் மாட்டிய விதைப்பையை ஒரு கை இறுக்கிப் பிடித்திருக்கிறது, மற்றக் கை பின்னால் வீசிப்போயிருக்கிறது. இடப்பக்கத்தில் பறவைக் கூட்டம். உவமையில் வருகிற பறவைகளேதான். வலப்பக்கத்தில் தூரத்தில் வெளிச்சத்துக்குள் மாடு பூட்டி ஒருவன் மண்ணைக் கிளறி விதையை மூடுகிறான். புழுதி விதைப்புச் செய்கிற எங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மூடாவிட்டால் குருவிக்குத்தான்.

வான் கோவின் படத்தில் நிறங்கள் வேறு. ஊதா மண், அடிவானத்தில் பெரிய மஞ்சள் சூரியன். அவர் ஒரு போதகரின் மகன். பெல்ஜியத்தில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் நடுவில் கொஞ்சக் காலம் நற்செய்தி சொல்லவும் போனவர். அந்த வேலையிலிருந்து அவரை நிறுத்திவிட்டார்கள். பிறகுதான் முழுதாக ஓவியத்துக்கு வந்தார்.

இந்த இரண்டு படங்களையும் பார்த்த ஒருவரைப் பற்றிச் சொல்லவேண்டும். மீள்குடியேறி வந்தபோது அவருடைய ஏழு ஏக்கரில் நாலு ஏக்கரைச் சுற்றி மண்டையோடு போட்ட சிவப்புப் பலகைகள் நின்றன. மிதிவெடி எடுத்து முடித்து, இனிப் பயமில்லை என்று சொல்லிக் காணியைக் கொடுத்தபிறகு வந்த முதல் காலபோகத்துக்கு விதைக்கப் போனார். மில்லேயின் படத்தில் அந்த மனிதனின் காலைக் காட்டி அவர் சொன்னார்:

"ரீச்சர், எவ்வளவு எட்டி வைக்கிறான் பாருங்கோ. கையும் காலும் சேர்ந்து போனாத்தான் விதை சமனா விழும். நான் அந்த வருசம் சாண் சாணா வச்சன். விதையெல்லாம் குவியல் குவியலா விழுந்து முளைச்சது. அடுத்த வருசமும் அப்பிடித்தான். மூண்டாம் வருசம் தான் இவன மாதிரி எட்டி வச்சன்."

பாதையோரம், பாறை, முள், நல்ல நிலம் என்று நாலு நிலம் மத்தேயு 13இல் இருக்கிறது. நான் இருபது வருடமாக அதைப் பிள்ளைகளுக்குப் பாடமாக்கிக் கொடுத்திருக்கிறேன்: நீங்கள் எந்த நிலம்? அவர் சொன்னபிறகு அந்தக் கேள்வியை முதலாவதாகக் கேட்பதை விட்டுவிட்டேன். இப்போது விதைக்கிறவனின் காலைப் பாருங்கள் என்கிறேன். பறவை தின்னும், முள் நெரிக்கும் என்று தெரிந்தும் அவர் எட்டி வைக்கிறார். கடவுள் எங்களில் விதைக்கிற விதம் அது. எங்கள் மண்ணுக்குள் என்னென்ன புதைந்திருக்கிறது என்று அவருக்குத் தெரியாதா?

வான் கோவின் 'உருளைக்கிழங்கு உண்பவர்கள்' படத்தைக் கடைசி இராவுணவோடு ஒப்பிடலாமா?

ஒப்பிடலாம், ஆனால் அவசரப்படவேண்டாம். 1885இல் வரைந்தது. ஒரே விளக்கின் கீழ் ஐந்து பேர், நடுவில் ஆவி பறக்கிற கிழங்கு, ஒருத்தி கோப்பி ஊற்றுகிறாள். எந்தக் கையால் மண்ணைக் கிண்டினார்களோ அதே கையைத்தான் தட்டில் வைக்கிறார்கள், அந்தச் சாப்பாட்டை அவர்கள் நேர்மையாக உழைத்துச் சம்பாதித்தார்கள் என்பதைக் காட்ட விரும்பினேன் என்று தம்பி தியோவுக்கு எழுதினார்.

எங்கள் ஆட்களுக்கு இந்தப் படத்தில் முதலில் தெரிவது விளக்குத்தான். மண்ணெண்ணெய்த் தட்டுப்பாட்டுக் காலத்தில் ஜாம் போத்தலில் திரி போட்டு, ஒரு விளக்கைச் சுற்றி முழுக் குடும்பமும் சாப்பிட்டது. வெளிச்சம் குறைந்தால் எல்லோரும் கிட்டக் கிட்ட இருக்கத்தானே வேண்டும். பூசையில் பாதர் அப்பத்தை உயர்த்தி, நிலத்தின் விளைவு, மனித உழைப்பின் பயன் என்று செபிக்கிற இடத்துக்கு இந்தப் படத்திலிருந்து நேராகப் போகலாம். அந்த ஒரு வரியோடு நிறுத்துங்கள்.

வான் கோ 1889இல் மருத்துவமனை ஜன்னலூடாகப் பார்த்து வரைந்த அறுக்கிறவன் படமும் இருக்கிறது. அந்த ஆளில் அவர் மரணத்தைக் கண்டார். ஆனால் எல்லாவற்றையும் பொன்னாக்கும் பகல் வெளிச்சத்தில் நடப்பதால் அதில் துக்கம் இல்லை என்றும் எழுதினார். அருமையான படம். நான் இன்னும் எங்கள் பங்கில் காட்டவில்லை. மனிதர் கதிர்போல் வெட்டுப்பட்டு விழுந்ததைக் கண்டவர்களுக்கு அதைக் காட்ட எனக்கு மனம் வரவில்லை.

பீட்டர் புரூகலின் அறுவடைப் படத்தில் ஒருவன் மரத்தடியில் காலை விரித்துத் தூங்குகிறான். சோம்பேறியைப் போற்றலாமா?

புரூகல் என்ற பிளெமிஷ் ஓவியர் 1565இல் வரைந்த படம், நியூயோர்க்கில் இருக்கிறது. மத்தியான வெயில், பேரிக்காய் மரம், சிலர் சாப்பிடுகிறார்கள், அவன் தூங்குகிறான். விடியக்காலை வெயில் ஏறமுன் அரிவி வெட்டப் போனவன் பத்து மணிக்குத் தூங்கினால் அவனைச் சோம்பேறி என்று வன்னியில் யாரும் சொல்லமாட்டார்கள். மாற்கு 4:26 தொடக்கம் வாசியுங்கள். விதைத்தவன் இரவில் தூங்குகிறான், பகலில் எழும்புகிறான், விதை முளைத்து வளர்கிறது, எப்படி என்று அவனுக்கே தெரியாது. இரவிரவாகப் பன்றிக்கும் யானைக்கும் காவலிருந்துவிட்டு வந்த ஒருவர் இந்தப் படத்துக்கு முன்னால் கதிரையிலேயே தூங்கிப்போனார். எழுப்பவேண்டாம் என்று பாதர் சைகை காட்டினார்.

பதிவு எடுக்கிற படம் என்று ஒன்று சொன்னீர்களாம்?

அதுவும் புரூகல்தான். பெத்லகேமில் தொகைக் கணக்கு, 1566, பிரசெல்ஸில் இருக்கிறது. லூக்கா 2இல் வருகிற சம்பவம். ஆனால் அவர் அதைத் தன்னுடைய ஊரில், பனி கொட்டிய ஒரு கிராமத்தில் நடப்பதாக வரைந்தார். விடுதி ஜன்னலில் எழுத்தர் இருக்கிறார், சனம் நெரிபடுகிறது. பன்றி வெட்டுகிறார்கள், பிள்ளைகள் பனிக்கட்டியில் விளையாடுகிறார்கள். கழுதையில் வருகிற மரியாவையும், முன்னால் வாளோடு நடக்கிற, தச்சு வாளைத்தான் சொல்கிறேன், யோசேப்பையும் தேடித்தான் கண்டுபிடிக்கவேண்டும். யாரும் அவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

2009இல் முகாமில் நானும் அப்படியொரு வரிசையில் நின்றேன். பெயர், வயது, எந்தக் கிராமசேவகர் பிரிவு, எத்தனை பேர் வந்தீர்கள். எனக்கு முன்னால் நிறைமாதக் கர்ப்பிணியாக ஒரு பிள்ளை நின்றது. வெயிலில் ஒரு கையால் முதுகைத் தாங்கிக்கொண்டு, மற்றக் கையில் நனைந்து காய்ந்த ஒரு அடையாள அட்டை. அப்போது எனக்கு இந்தப் படம் தெரியாது. இதைப் பார்த்தபோது அந்தப் பிள்ளையின் முதுகுதான் கண்ணுக்குள் வந்தது. வரிசையில் அவளை முன்னுக்கு விட்டிருக்கலாம். விடவில்லை. இதை ஒப்புரவு அருட்சாதனத்திலும் சொல்லியிருக்கிறேன்.

எல்லாம் வெள்ளைக்காரர் படங்கள். எங்கள் நாட்டில் இல்லையா?

இருக்கிறது. டேவிட் பெய்ன்ரர் என்ற இலங்கை ஓவியர் கண்டி திரித்துவக் கல்லூரிச் சிற்றாலயச் சுவர்களில் நற்செய்திக் காட்சிகளை இந்த நாட்டு மனிதர்களின் முகங்களோடு வரைந்திருக்கிறார். கண்டிக்குப் போனால் அனுமதி கேட்டுப் பாருங்கள். 1943இல் கொழும்பில் தொடங்கிய '43 குழு என்ற ஓவியர் குழுவைச் சேர்ந்த ரிச்சர்ட் கேப்ரியல் கத்தோலிக்கர், கிராமத்து வாழ்க்கையையும் வரைந்தார், விவிலியக் காட்சிகளையும் வரைந்தார். கோவாவின் அஞ்சலோ ட பொன்செக்கா மாதாவுக்குச் சேலை உடுத்தி வரைந்தவர். ஆனால் வன்னி வயலை, வன்னிக் குளத்தை, வன்னிச் சனத்தை இந்தக் கண்ணோடு வரைந்த பெரிய படம் ஒன்றை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். வரைகிற பிள்ளைகள் யாராவது இதை வாசித்தால், மடு மாதா கோவிலுக்கு வண்டில் கட்டிப் போய்க் காட்டுக்குள் கொட்டில் போட்டுத் தங்கிய காலத்தைப் பற்றி உங்கள் அம்மம்மாவிடம் கேளுங்கள். அங்கே தொடங்கலாம்.

படத்துக்கு முன்னால் செபிப்பது விக்கிரக ஆராதனை இல்லையா?

எங்கள் கூட்டத்துக்கு மெதடிஸ்ட் சபையிலிருந்தும் இரண்டு குடும்பங்கள் வருகின்றன, அவர்கள் கேட்டார்கள். படத்துக்கு விளக்கும் வைக்கவில்லை, மாலையும் போடவில்லை. படத்தை நோக்கிச் செபிக்கவும் இல்லை. பார்த்துவிட்டு விவிலியத்தைத் திறக்கிறோம், பிறகு கண்ணை மூடிச் செபிக்கிறோம். அவர்கள் தொடர்ந்து வருகிறார்கள்.

நாங்கள் சொல்கிற அர்த்தத்தை ஓவியர் நினைத்திருக்காவிட்டால்?

பல இடத்தில் நினைத்திருக்கமாட்டார். நான் மூன்று விதமாகப் பேசச் சொல்கிறேன். 'படத்தில் இருக்கிறது' என்றால் விரல் வைத்துக் காட்டவேண்டும். 'விவிலியம் ஞாபகப்படுத்துகிறது' என்றால் அதிகாரத்தைச் சொல்லவேண்டும். 'எனக்குப் பட்டது' என்றால் 'எனக்குப் பட்டது' என்றே சொல்லவேண்டும். மிதிவெடி மில்லேயின் படத்தில் இல்லை. அது அந்த ஐயாவின் காலில் இருந்தது. இந்த மூன்றையும் கலந்துவிட்டால், கோபுரம் திருச்சபை, கூடை ஏழு அருட்சாதனங்கள், முள்ளு திரித்துவம் என்று போய்விடும். அப்படிப் பேசத் தொடங்கினால் யாரும் அந்த இரண்டு மனிதர்களைப் பார்க்கமாட்டார்கள்.

நடத்துவது எப்படி? என்ன செலவு?

கிளிநொச்சி ரவுணில் ஏ3 அளவில் கலர்ப் பிரின்ற் எடுக்கலாம். அருங்காட்சியகங்களின் இணையத்தளங்களிலேயே நல்ல தெளிவான படங்கள் இருக்கின்றன. புரொஜெக்டரைவிடப் பிரின்ற்தான் எனக்குப் பிடிக்கும். ஆட்கள் எழும்பி வந்து கிட்ட நின்று பார்ப்பார்கள், கரண்ட் போனாலும் பிரச்சினையில்லை. பத்துப் பேருக்கு ஒரு படம் போதும், ஒரு நாளுக்கும் ஒன்று போதும். முதல் ஐந்து நிமிடம் பேச்சு இல்லை. பிறகு என்ன தெரிகிறது என்று மட்டும் கேளுங்கள், என்ன அர்த்தம் என்று கேட்காதீர்கள். படிச்ச ஆட்களைக் கடைசியாகப் பேசவிடுங்கள். இது முக்கியம்: ரீச்சர்மார் முதலில் பேசினால் வயல்காரர் வாயே திறக்கமாட்டார்கள்.

சின்னப் பிள்ளைகளுக்குச் செய்யலாமா?

கட்டாயம். அவர்களுக்கு விளக்கம் வேண்டாம், தாளும் கலர்ப் பென்சிலும் கொடுங்கள். திரிகால செபப் படத்தைப் பார்த்து, இதையே எங்கள் ஊரில் வரையுங்கள் என்றேன். ஒருவன் தள்ளுவண்டிக்குப் பதில் லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரம் வரைந்தான். இன்னொருத்தி கோபுரத்தைவிடப் பெரிதாக ஒரு போன் கோபுரத்தை வரைந்துவிட்டு, அடிவானத்தில் இப்போது அதுதானே தெரிகிறது என்றாள். நாலாம் வகுப்புப் படிக்கிற ஒரு பிள்ளையின் படத்தில் அப்பா மட்டும் நின்றார். தலையில் கட்டியிருந்த துவாயை அவிழ்த்துக் கையில் வைத்திருந்தார். மண்வெட்டி வரம்பில் குத்தி நின்றது. அவருக்குப் பக்கத்தில், ஆள் நிற்கிற அகலத்துக்கு, தாளை வெள்ளையாக விட்டிருந்தாள். அம்மாவை வரைய நேரம் போதவில்லையா என்று கேட்டேன். இல்லை, அது அம்மாவின் இடம் என்றாள்.